கல்லின் ஏற்றத்தை எண்ணியவர்கள்

நியமிப்பு எண்டு சொன்னதும் விஞ்ஞானம் படிச்ச ஆக்களுக்கு ஒரு அளவி, ஒரு குடுவை, ரெண்டு துளி பினோத்தலின், பிறகு அந்த மெல்லிய இளஞ்சிவப்பு நிறம் ஞாபகம் வரும். ஒரு கரைசலில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. இந்தக் கட்டுரை அதே அளவியை வைத்துக்கொண்டு கல்லை அளந்தவர்களைப் பற்றியது. கல் கரையாது, நிறம் மாறாது, பிறகு அதில என்னத்தை அளக்கிறது எண்டு கேட்பீர்கள். தண்ணீருக்குள் போட்ட கல்லின் தோலில் இருக்கிற மின்னேற்றத்தை அளந்தார்கள்.

நான் படிக்கிறது வரலாறு. அதனால் சமன்பாடுகளை எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு இதில் பிடித்துப்போன கேள்வி வேறு: கண்ணுக்குத் தெரியாத இந்த எண்ணை முதலில் தேடியது யார், எதற்காகத் தேடினார்கள், அது தேவைப்பட்ட எல்லோருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா?

முதல் காட்சி மொஸ்கோவில். வோல்ற்றா தன் மின்கல அடுக்கை அறிவித்தது 1800 இல். அதன்பிறகு ஐரோப்பாவில் கையில் கிடைத்த எல்லாவற்றுக்குள்ளும் மின்னைச் செலுத்திப் பார்ப்பது ஒரு மோகமாகவே இருந்தது. மொஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜெர்மானியர் பெர்டினண்ட் றொய்ஸ், நெப்போலியன் அந்த நகருக்குள் நுழைவதற்கு ஐந்து வருடம் முந்தி, 1807 இல், ஈரக் களிமண் கட்டி ஒன்றுக்குள் இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் குத்தி நிறுத்தினார். அடியில் கழுவிய மணல், மேலே தண்ணீர், இரண்டிலும் ஒவ்வொரு மின்வாய். மின் ஓடத் தொடங்கியதும் நேர்ப்பக்கக் குழாயில் தண்ணீர் கலங்கியது. களிமண் துகள்கள் மணலை ஊடறுத்து மேலே ஏறிக்கொண்டிருந்தன. நேர் முனை இழுக்கிறது என்றால் அந்தத் துகள் மறையேற்றம் கொண்டதாக இருக்கவேண்டும். சும்மா மண், யாரும் அதற்கு மின் ஏற்றவில்லை, தண்ணீரில் நனைந்தது மட்டும்தான். அந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நல்ல பதில் கிடைக்க நூறு வருடம் போயிற்று.

இடையில் கதை இங்கிலாந்தின் வயல்களுக்குப் போகிறது. உண்மையில் எனக்கு ஆகப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதில் வருகிறவர்கள் மின்னைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவர்களின் கவலை மாட்டுச் சாணமும் மூத்திரமும். டோர்செற்றில் ஹக்ஸ்டபிள் என்ற பாதிரியார் தன் பண்ணையில் தேங்கிய சாணநீரை மண்ணுக்குள்ளால் வடியவிட்டபோது அது நாற்றமும் நிறமும் இல்லாமல் வெளியே வந்தது. யோர்க்‌ஷயர் நிலச்சுவாந்தர் எச். எஸ். தொம்சனுக்கு இதே மாதிரியான யோசனை 1845 அளவில் வந்தது. பசளைக்குப் போடுகிற அமோனியா மழையில் கழுவுப்பட்டுப் போகிறதா, மண் அதைப் பிடித்து வைக்கிறதா? யோர்க் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜோசப் ஸ்பென்ஸைப் பிடித்துப் பரிசோதனை செய்தார்கள். மண் நிரப்பிய குழாயின் மேலே அமோனியம் சல்பேற்றுக் கரைசலை ஊற்றினால் கீழே வந்தது ஜிப்சம், அதாவது கல்சியம் சல்பேற்று. அமோனியாவை மண் வைத்துக்கொண்டு, பதிலுக்குத் தன்னிடம் இருந்த கல்சியத்தைக் கொடுத்துவிட்டது. கடைக்காரன் மிச்சக்காசு தருகிற மாதிரி.

இங்கிலாந்தின் அரச விவசாயச் சங்கத்துக்கு ஆலோசனை இரசாயனவியலாளராக இருந்த ஜே. தோமஸ் வே இதை முறையாக எடுத்துச் செய்து 1850 இலும் 1852 இலும் இரண்டு நீண்ட கட்டுரைகள் எழுதினார். அவர் கண்ட விடயங்களில் ஒன்று எங்களுக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அமோனியா, பொற்றாசியம் போன்றவற்றை மண் பிடிக்கிறது. நைத்திரேற்றையும் குளோரைட்டையும் பிடிக்காமல் விட்டுவிடுகிறது. ஏன் என்று அன்றைக்கு வடிவாகச் சொல்ல ஏலாது. இன்றைக்கு ஒரு வரியில் சொல்லலாம்: களிமண் மறையேற்றம், நைத்திரேற்றும் மறையேற்றம், ஒன்றையொன்று தள்ளும். யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்குப் போடுகிற பசளையின் நைத்திரேற்று சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுத் தண்ணீருக்கு வந்து சேருகிற பிரச்சினையைப் பற்றி வாசித்திருப்பீர்கள். அந்தக் கதையின் முதல் பந்தி 1850 இல், ஒரு இங்கிலாந்து விவசாயச் சஞ்சிகையில் அச்சாகிவிட்டது.

சரி, மண் பிடிக்கிறது. களிமண் மறையேற்றம். ஆனா எல்லாக் கனியமும் எப்பவும் ஒரே ஏற்றத்தோடுதான் இருக்குமா? இதற்கு விடை தந்தது பாரிஸில் ஜோன் பெறின். அணுக்கள் உண்மையிலேயே இருக்கின்றன என்று காட்டியதற்காகப் பின்னாளில், 1926 இல், நோபல் பரிசு வாங்கிய அதே ஆள். அவர் 1904 இல் பல பொருட்களைத் தூளாக்கி அடைத்து, அவற்றுக்குள்ளால் தண்ணீர் மின்னோட்டத்தில் எந்தப் பக்கம் நகருகிறது என்று பார்த்தார். தண்ணீரில் கொஞ்சம் அமிலம் விட்டால் மேற்பரப்பு நேர்ப்பக்கம் சாய்கிறது. மூலம் விட்டால் மறைப்பக்கம் சாய்கிறது. அதாவது ஏற்றம் கல்லுக்குள்ளே உறைந்துபோன ஒரு குணம் மட்டும் இல்லை. தண்ணீரோடு நடக்கிற கொடுக்கல் வாங்கல் அது. ஐதரசன் அயனைத் தண்ணீரிடமிருந்து வாங்கினால் கல் நேராகும், கொடுத்தால் மறையாகும்.

இப்ப விளங்கும், நியமிப்பு ஏன் இந்தக் கதைக்குள் வருகிறது என்று. கல் ஐதரசன் அயனை வாங்குகிறது என்றால், எத்தனை வாங்கியது என்று எண்ணிவிட்டால் ஏற்றத்தையும் எண்ணிவிடலாம்.

சொல்வது சுலபம். எண்ணுவதற்கு முதல் ஐதரசன் அயனைத் துல்லியமாக அளக்கவேண்டும். பீ.எச். என்ற அளவுகோலையே 1909 இல்தான் சோறன்சன் கோப்பன்ஹேகனில் உருவாக்கினார், அதுவும் கார்ல்ஸ்பேர்க் பியர்க் கம்பனியின் ஆய்வுகூடத்தில். அளக்கிற கருவி கையடக்கமாக வந்தது எலுமிச்சம்பழத்தின் புண்ணியத்தால். கலிபோர்னியாவின் பழ உற்பத்தியாளர் கூட்டுறவில் வேலை செய்த கிளென் ஜோசப்புக்கு எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்கவேண்டி இருந்தது. ஆனா சாறு பழுதாகாமல் இருக்கப் போட்ட சல்பர் வாயு நிறம்மாறும் காட்டிகளை வெளிறச் செய்துவிடும், ஐதரசன் மின்வாயையும் கெடுத்துவிடும். பழைய வகுப்புத்தோழன் ஆர்னல்ட் பெக்மனிடம் போனார். பெக்மன் கண்ணாடி மின்வாயையும் வெற்றிடக் குழாய்ப் பெருக்கியையும் ஒரு பெட்டிக்குள் சேர்த்துக் கொடுத்தார். 1935 இல் அந்தப் பெட்டி 195 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. சாணம், பியர், எலுமிச்சை. விஞ்ஞான வரலாற்றைப் பெரிய மனிதர்களின் ஞானோதயங்களாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனா பாதி வேலை இப்படித்தான் நடந்திருக்கிறது.

இனி அந்த நியமிப்பு எப்படி நடக்கிறது எண்டு ஒருக்கா பாப்பம். விஞ்ஞான பீட நண்பர் ஒருவரிடம் இருந்து கறந்து எடுத்த விளக்கம் இது, அலுப்பில்லாமல் சொல்லப் பார்க்கிறேன்.

இரும்பு ஒட்சைட்டுத் தூள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கோ. பொற்றாசியம் நைத்திரேற்று கரைத்த தண்ணீரில் போட்டுக் கலக்கவேண்டும். வெளிக்காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு தண்ணீரில் கரைந்து அதுவே அமிலமாகிக் கணக்கைக் குழப்பும் என்பதால் நைதரசன் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பிறகு அளவியில் இருந்து அமிலம் ஒரு துளி, பீ.எச். வாசிப்பு, அடுத்த துளி, அடுத்த வாசிப்பு. முழு நாளும் போகும். பிறகு தூள் போடாத வெறும் உப்புத் தண்ணீரிலும் அதே வேலை. இரண்டையும் ஒப்பிட்டால், ஒரே பீ.எச். இற்குக் கொண்டுவரத் தூள் உள்ள முகவைக்குக் கூடுதல் அமிலம் செலவாகியிருக்கும். அந்தக் கூடுதல் எங்கே போனது? கல்லின் தோலுக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள்தான். ஒரு கிராம் தூளின் மேற்பரப்பு 50 சதுர மீற்றர் என்று வைப்போம். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனா மிக நுண்ணிய தூளுக்கு இது சாதாரணம். காணாமல் போன அமிலம் 0.00005 மூல். ஒரு மூலுக்கு 96,485 கூலோம் என்பதால் பெருக்கினால் ஏறக்குறைய 4.8 கூலோம். 50 ஆல் பிரித்தால் சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 0.1 கூலோம். ஒவ்வொரு சதுர நானோமீற்றருக்கும் சராசரியாக 0.6 ஐதரசன் அயன். அளவியின் துளிகளை எண்ணி அணு அளவிலான இடத்துக்குக் கணக்குச் சொல்லியாயிற்று. (தூளின் மேற்பரப்பை அளக்கிற முறை வந்தது 1938 இல். அதைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவர் எட்வேர்ட் ரெலர், பிறகு ஐதரசன் குண்டுக்குப் பேர் போனவர். எந்தக் கதையைக் கிண்டினாலும் ஒரு குண்டுக்காரர் வந்துவிடுகிறார்.)

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நியமிப்பு மாற்றத்தைத்தான் சொல்லும். எங்கே பூச்சியம் என்று சொல்லாது. வங்கிக் கணக்கில் போட்டதும் எடுத்ததும் தெரியும், தொடக்க மீதி தெரியாது என்ற நிலைமை. இதற்கான வழி அழகானது. அதே நியமிப்பைக் குறைந்த உப்பு, கூடிய உப்பு, இன்னும் கூடிய உப்பு என்று மூன்று நான்கு தரம் செய்யவேண்டும். லியோனில் கூய் 1910 இலும் ஒக்ஸ்போட்டில் சப்மன் 1913 இலும் தனித்தனியாகக் காட்டியபடி, ஏற்றமுள்ள மேற்பரப்பைச் சுற்றி எதிர் அயன்கள் ஒரு முகில் மாதிரிக் கூடிநிற்கும். உப்புக் கூடினால் முகில் நெருக்கமாகும், மேற்பரப்பின் ஏற்றத்தை நன்றாக மறைக்கும். மறைப்பு நன்றாக இருந்தால் கல் இன்னும் கொஞ்சம் ஏற்றத்தைத் தாங்கும். ஆனா ஏற்றமே இல்லாத இடத்தில் மறைக்க ஒன்றும் இல்லை, அங்கே உப்புக் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான். ஆகவே கோடுகளை ஒரே தாளில் வரைந்தால் எல்லாம் ஒரு புள்ளியில் வெட்டும். அதுதான் பூச்சிய ஏற்றப் புள்ளி. உப்பின் அயன்கள் கல்லில் தனியாக ஒட்டிக்கொள்ளாத வரைக்கும் இது சரி.

ஒல்லாந்து மண்ணியல் விஞ்ஞானி போல்ற் 1957 இல் சிலிக்காவை இப்படி நியமித்துக் கட்டுரை வெளியிட்டார். 1962 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. இல் ஜோர்ஜ் பார்க்ஸும் டி புறுயினும் இரும்பு ஒட்சைட்டுக்குச் செய்தார்கள். அவர்களின் கோடுகள் வெட்டிக்கொண்ட இடம் பீ.எச். 8.5. இந்த எண்ணை ஞாபகம் வைத்திருங்கோ, கடைசியில் தேவைப்படும். சிலிக்காவுக்கு அதே புள்ளி 2 இற்கும் 3 இற்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. இடைப்பட்ட தண்ணீரில் இரும்புக் கல் நேர், மணல் மறை.

அவர்கள் வேலை செய்தது உலோகவியல் துறையில், அதை மறக்கக்கூடாது. சுரங்கத்தில் இருந்து வருகிற கல்லை அரைத்து, தண்ணீரில் கலந்து, காற்றுக் குமிழி விட்டு, வேண்டிய கனியத்தை மட்டும் நுரையோடு மிதக்கவிட்டு எடுக்கிற தொழில் அந்தக் காலத்தில் கோடிக்கணக்கான பணம் புழங்கிய தொழில். எந்தச் சவர்க்காரம் மாதிரிப் பொருள் எந்தக் கல்லில் ஒட்டும் என்பதை ஏற்றம் தீர்மானிக்கும். அதனால் ஏற்றத்தை எண்ணப் பணம் இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள், ஆய்வுகூடம் இருந்தது. 1965 இல் பார்க்ஸ் அதுவரை தெரிந்த ஒட்சைட்டுகளின் எண்களை எல்லாம் ஒரே கட்டுரையில் தொகுத்தார்.

நியமிப்புக்கு எல்லைகளும் உண்டு. களிமண்ணுக்கு இரண்டு விதமான ஏற்றம். ஒன்று விளிம்பில், பீ.எச். ஐப் பொறுத்து மாறும். இன்னொன்று பளிங்குக்குள்ளேயே ஒரு அயன் இருக்கவேண்டிய இடத்தில் வேறொன்று மாறி உட்கார்ந்ததால் வந்த நிரந்தர மறையேற்றம். இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட்டில் ஸ்கோபீல்ட் 1949 இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஐதரசனை மட்டும் எண்ணுகிற நியமிப்புக்கு இரண்டாவது ஏற்றம் தெரியாது. அமிலத்தில் கரைகிற கல்லுக்கும் இந்த முறை சரிவராது. எங்கட சுண்ணாம்புக்கல்லை இப்படி அளக்க வெளிக்கிட்டால் அமிலம் முழுக்க நுரைத்துப் போகும், கணக்கு ஒன்றுக்கும் உதவாது.

1970 களில் இந்த அறிவு சுரங்கத்தில் இருந்து ஆற்றுக்கும் ஏரிக்கும் வந்தது. சூரிச்சில் வேர்னர் ஸ்ரும், பேர்ணில் போல் ஷின்ட்லர் ஆகியோர் மேற்பரப்பை ஒரு அமிலமாகவே பார்க்கத் தொடங்கினார்கள். ஐதரசனைப் போல ஈயமும் பொசுபேற்றும் அந்தத் தோலில் இரசாயனப் பிணைப்பாகவே ஒட்டும் என்று காட்டினார்கள். தண்ணீரில் ஒரு நஞ்சு ஓடித்திரியுமா, கல்லோடு ஒட்டி நிற்குமா என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம் என்ற நிலை வந்தது.

அதே 1970 களில் வங்காளதேசத்தில் குழாய்க்கிணறுகள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். யுனிசெப்பும் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் திணைக்களமும் தொடங்கிய வேலை. நோக்கம் நல்லது, குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றோட்டத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். நிலத்தடி நீரில் கிருமி குறைவு. ஆனா ஆசனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மேற்கு வங்காளத்தில் 1980 களின் தொடக்கத்திலேயே தோல் நோயோடு ஆட்கள் வைத்தியர்களிடம் வரத் தொடங்கிவிட்டார்கள். வங்காளதேசத்தில் 1993 இல்தான் கிணற்றுநீரில் ஆசனிக் உறுதியானது. 2000 ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரை, வரலாற்றில் ஒரு மக்கள்தொகை நஞ்சூட்டப்பட்டதில் இதுவே ஆகப் பெரியது என்றது. 3.5 கோடி முதல் 7.7 கோடிப் பேர் வரை ஆபத்தில் இருப்பதாக அது மதிப்பிட்டது.

இந்த ஆசனிக் எங்கிருந்து வந்தது? எந்தத் தொழிற்சாலையும் ஊற்றவில்லை. இமயமலையில் இருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலின் மேல் மெல்லிய இரும்பு ஒட்சைட்டுப் பூச்சு. பீ.எச். 7 அளவிலுள்ள தண்ணீரில் அந்தப் பூச்சு நேரேற்றம், ஏனென்றால் இரும்பின் பூச்சியப் புள்ளி அதற்கு மேலே, எட்டுக்கும் எட்டரைக்கும் கிட்ட. ஒட்சிசன் உள்ள நீரில் ஆசனிக் இருப்பது ஆசனேற்றாக, அது மறையேற்றம். ஆகவே பூச்சு அதைப் பிடித்து வைத்துக்கொண்டது, பல ஆயிரம் வருடமாக. பிறகு புதையுண்ட சேற்றில் ஒட்சிசன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் இரும்பையே பயன்படுத்தத் தொடங்கின, பூச்சு கரைந்தது, பிடித்து வைத்திருந்ததும் வெளியே வந்தது. இந்த விளக்கத்தை 1998 இல் நேச்சர் சஞ்சிகையில் ஒரு குழு முன்வைத்தது, இன்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது.

எனக்குக் கோபம் வருகிற இடம் இது. கல் எதைப் பிடிக்கும், எப்போது விடும் என்ற கணக்கு 1962 இல் இருந்து நூலகங்களில் கிடந்தது. அதை வைத்து வங்காளத்துக் கிணறுகளை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்கலாம் என்று சொல்ல வரவில்லை, அது பிந்திவந்தவர்களின் வாய்ச்சவடால். ஆனா கேட்டுப் பார்த்திருக்கலாம். பிரித்தானியப் புவிச்சரிதவியல் நிறுவனம் 1992 இல் அந்நாட்டின் நிலத்தடி நீரைப் பரிசோதித்தபோது பல மூலகங்களைப் பார்த்தது, ஆசனிக்கைப் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் தொடுத்த வழக்கு இலண்டன் வரை போய், 2006 இல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்தது. அந்த நிறுவனத்துக்கு அவர் மீது சட்டப்படி ஒரு கடமை இருக்கவில்லை என்பது தீர்ப்பு. அதே நிறுவனம்தான் பிறகு 1998, 1999 இல் வங்காளதேசத் திணைக்களத்தோடு சேர்ந்து 3,534 கிணறுகளைச் சோதித்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆழங்குறைந்த கிணறுகளில் 27 வீதம் நாட்டின் எல்லையான லீற்றருக்கு 50 மைக்கிரோகிராமைத் தாண்டியிருந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் 10 ஐ எடுத்தால் 46 வீதம்.

தீர்வுகளில் ஒன்றும் அதே கல்லின் தோலில் இருந்துதான் வந்தது. குஷ்டியாவில் பிறந்து அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பித்த அபுல் ஹுசாம், வாளிகள், மணல், கரி, செங்கல் துண்டு, நடுவில் பதப்படுத்திய இரும்புத் தூள் என்று ஒரு வடிகட்டி செய்தார். சோனோ என்று பேர். இரும்பு துருப்பிடிக்கும், துரு தண்ணீரில் இருந்து ஆசனிக்கைப் பிடிக்கும். வங்காளத்து நிலத்தடி நீரில் பெரும்பகுதி ஏற்றமே இல்லாத ஆசனைற்று வடிவம் என்பதால் முதலில் அதை ஆசனேற்றாக மாற்றவேண்டும், அந்த வேலையும் இரும்புக்குள் நடக்கிறது. 2007 இல் பத்து இலட்சம் டொலர் கிறேஞ்சர் பரிசு கிடைத்தது. அதில் பெரும்பகுதியை வடிகட்டி கொடுப்பதற்கே ஒதுக்கினார்.

ஆய்வுகூடத்துத் தண்ணீரில் பொற்றாசியம் நைத்திரேற்று மட்டும்தான் இருந்தது. ஊர்க் கிணற்றில் பொசுபேற்று இருக்கிறது, சிலிக்கா இருக்கிறது, அவையும் அதே இரும்புத் தோலில் இடம் பிடிக்கும். எனவே எந்த வடிகட்டியும் ஒரு நாளைக்கு நிரம்பும், யாரோ மாற்றவேண்டும், மாற்றக் காசு வேண்டும். 2000 களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் ஏறக்குறைய 50 இலட்சம் குழாய்க்கிணறுகளைச் சோதித்து, நல்லதற்குப் பச்சை, கூடாததற்குச் சிவப்பு என்று பூசினார்கள். சுமார் 14 இலட்சம் கிணறுகளுக்குச் சிவப்பு. அந்தப் பூச்சு மழையிலும் வெயிலிலும் சில வருடங்களில் உரிந்துபோனது. அதற்குப் பிறகு ஆட்கள் தங்கள் சொந்தக் காசில் தோண்டிய கிணறுகளில் நிறைய, ஒருமுறையும் சோதிக்கப்படாமலே ஓடிக்கொண்டிருக்கின்றன.